வேடியப்பன் வெட்டிய ஆடு

காபி ஆறிவிடும் டாக்டர், முதலில் குடியுங்கள். பாலை நன்றாகப் பொங்கவிட்டுத்தான் இறக்கியிருப்பாள் என் மனைவி. எதில் அலட்சியமாக இருந்தாலும் அன்புச்செல்வி அதில் இருக்கமாட்டாள். கறந்த சூட்டோடு குடித்தால்தான் உடம்புக்குத் தெம்பு என்று நம்பும் வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமான புதிதில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே இதுதான். இப்போது வேங்கிக்காலில் இந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் பாடம் எடுக்கிறாள். சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பௌர்ணமியும் அதுவுமாகக் கிரிவலக் கூட்டத்தில் புகுந்து புறப்பட்டு வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் வந்ததாகச் சொன்னீர்கள். உங்கள் வார்டில் செத்துப்போன வேடியப்பன், கை அவ்வளவு முற்றிப்போகும் வரைக்கும் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பது கேள்வி. அவனுடைய மகள் சினேகா விரலில் கட்டோடு படுத்திருந்தபோது, ‘ஆட்டு டாக்டரு பாத்தாரு, அக்கின்னாரு’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆட்டு டாக்டர் நான்தான். கீழ்பென்னாத்தூர் கால்நடை மருந்தகத்து இளஞ்செழியன். குழந்தை பொய் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. மனதில் கள்ளம் இருக்கிறவன் உங்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுப்பானா?

நானும் ஒரு காலத்தில் உங்கள் படிப்புக்குத்தான் ஆசைப்பட்டேன், டாக்டர் சிவப்பிரியா. மார்க் கொஞ்சம் கம்மியாகிவிட்டது, மாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நீங்கள் நோய் வந்த பிறகு பார்க்கிறவர். நான் வராமல் தடுக்கிறவன். யோசித்துப் பார்த்தால் என் வேலைதான் பெரிது. ஊரில் யாரும் அப்படி யோசித்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆந்த்ராக்ஸ் என்று நீங்கள் சொல்கிற அடைப்பான் நோய்க்கு உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். எனக்கு அது அன்றாடச் சோறு. சாயந்திரம் நன்றாக மேய்ந்துவிட்டு வந்த ஆடு காலையில் பட்டியில் விறைத்துக் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்திருக்கும், அந்த ரத்தம் உறையாது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். அந்த ஆட்டின் மேல் கத்தி படக்கூடாது. அறுத்தால் உள்ளே இருக்கிற கிருமி காற்றுப் பட்டு விதை மாதிரி ஆகி மண்ணில் இறங்கிவிடும். நம் ஆயுசுக்கும் அந்த மண்ணிலேயே கிடக்கும், அடுத்த மழைக்கு முளைத்த புல்லோடு இன்னொரு ஆட்டின் வயிற்றுக்குள் போகும். அறுக்கிறவன் கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், அவனுக்கும் ஏறும். அதனால் ஆடு செத்தால் தொடாதே, ஆழமாகக் குழி வெட்டு, சுண்ணாம்பைக் கொட்டிப் புதை. உயிரோடு இருக்கிற ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்னால் தடுப்பூசி போடு. இவ்வளவுதான். இதைவிட எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு நோயை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இதை நான் பனைமேட்டில் மூன்று வருஷம் சொன்னேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகவேண்டிய ஊர். வேர்க்கடலை விளைகிற மணிலாக் கொல்லையும் ஆடும்தான் பிழைப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் ஆடு செத்துவிட்டால் அது அவன் ஒருத்தன் நட்டமாகப் போய்விடக் கூடாது என்று ஊரே கறியை எடுத்துக்கொள்ளும். பனை ஓலை விரித்துக் கூறு போடுவார்கள், வீட்டுக்கு ஒரு கூறு. அறுவடையின்போது அவரவர் ஒரு முறம் மணிலாவை ஆட்டுக்காரன் வீட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். கூறு வேண்டாம் என்று ஒரு வீடு சொல்லிவிட்டால் அந்த வீட்டோடு பேச்சு அறுந்துபோகும். நீ கெட்டால் கெட்டுப்போ என்று சொன்னதாகத்தான் அதற்கு அர்த்தம். நல்ல வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதனால் செத்த ஆடு என்று யாரும் கேட்பதில்லை பாருங்கள்.

நான் முதன்முதலில் அந்த ஊருக்குப் போனபோது எனக்கும் ஓலையில் மடித்து ஒரு கூறு கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை வாங்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினேன். அன்றைக்கு எனக்குச் சுண்ணாம்பு டாக்டர் என்று பெயர் விழுந்தது. வைத்தவன் வேடியப்பன்.

வேடியப்பனை நீங்கள் பார்த்தபோது அவனால் அதிகம் பேச முடிந்திருக்காது. நன்றாக இருந்தபோது அவன் வாயை மூட யாராலும் முடியாது. கொஞ்சம் நிலம், ஒரு பட்டி ஆடு, உண்ணாமலை என்று ஒரு மனைவி, ஒரே பெண் குழந்தை. ஊரில் ஆடு அறுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள், கை சுத்தம். கூறு போடும்போது அவன் விடுகிற கேலியைக் கேட்கவே கூட்டம் நிற்கும். யாரைப் போலவும் பேசிக் காட்டுவான். தலைவரை, கண்டக்டரை, பூசாரியை. பிறகு என்னை. நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே’ என்று ஆரம்பிப்பது, ‘தொடாதே’ என்னும்போது விரலை ஆட்டுவது, எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தான். ஊசி போட நான் போகிற அன்றைக்கு, சினை ஆடு கலைந்துவிடும் என்று பயந்து ஆடுகளைக் கொல்லைக்குள் ஓட்டி மறைத்துவிடுவார்கள். வேடியப்பன் காலி பட்டி வாசலில் நின்றுகொண்டு, ‘ஆடா? ஏது சார் ஆடு? நாங்கல்லாம் சாமியாராயிட்டோம் சார்’ என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். சிரிக்கவைக்காமல் அவனால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

போன கார்த்திகை தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடியபோது எங்கள் துறையில் ஒரு பந்தல் போட்டிருந்தோம். மைக் செட், படம் வரைந்த தட்டிகள், தடுப்பூசி. நான் காலையிலிருந்து தொண்டை கட்டும் வரைக்கும் பேசினேன். எத்தனையோ ஊர்க்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு கடந்து போனார்கள், ஒருத்தரும் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். அந்த இடைவெளியில் வேடியப்பன் மைக்கைப் பிடித்துவிட்டான். என் குரலிலேயே, என் இழுப்பிலேயே, நான் சொல்கிற எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான். கூட்டம் திமுதிமுவென்று சேர்ந்துவிட்டது. எங்கள் ஆய்வாளர் சக்கரவர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலதிகாரி வந்திருந்தார், அவரும் சிரித்துவிட்டு, ‘இவனையே வேலைக்கு வச்சுக்கலாம் போலயே’ என்றார். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடந்தது இதுதான். ஆடி முடிந்து நல்ல மழை பெய்து, புல் துளிர்த்த சமயம். பக்கத்து ஊரில் ஒரு கன்று ஈனும் கேஸைப் பார்த்துவிட்டுப் பனைமேடு வழியாக வந்தேன். புளியமரத்தடியில் ஓலை விரித்துக் கூறு போட்டிருந்தது. வேடியப்பனுடைய கிடா. தோல் ஒரு பக்கம் கிடந்தது, தலை ஒரு பக்கம் கிடந்தது, மூக்கில் அந்த உறையாத ரத்தம். சினேகா ஒரு சட்டியில் குடலை அலசிக்கொண்டிருந்தாள். ஈ மொய்த்தது. அடைப்பான்தான், சந்தேகமே இல்லை.

மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். வண்டியிலிருந்து குதித்து ஓலையை உதறியிருப்பேன். அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஒரு கிழவர், ‘இன்னா சார், இன்னிக்கு சுண்ணாம்பு மூட்டை வரலியா?’ என்றார். கூட்டம் சிரித்தது. வேடியப்பன் மட்டும் அந்தச் சிரிப்பில் சேராமல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் பேசிப் பார்த்தவன் ஒரு நாள் பேசாமல் இருந்தேன். அதைக் குற்றம் என்று சொல்வீர்களா? கறியைத் தின்ற வீடுகளைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. நம் ஜனங்கள் கறியை நீர்க்க விட்டு நாள் பூரா வேகவைக்கிறவர்கள். ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன், கம்மி என்று நினைத்தேன். அறுத்த கைக்குத்தான் ஜாஸ்தி. வேடியப்பனுடைய முன்கையில் வேலிக்கு முள் வெட்டிய கீறல்கள் இருந்ததைக் கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

அதற்குப் பிறகு நான் பனைமேட்டுக்கு அடிக்கடி போனேன். அக்கறையோடுதான் போனேன். வேடியப்பன் கையை நீட்டிக் காட்டினான். முதலில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. அப்புறம் கொப்புளம். அடுத்த தடவை போனபோது அது உடைந்து நடுவில் கறுத்திருந்தது, கரித்துண்டை வைத்து அழுத்தின மாதிரி.

“வலியே இல்ல சார். அதான் ஆச்சரியமா கீது. இன்னா சார் இது?” என்றான்.

“அக்கியா இருக்குமோ?” என்றேன்.

நான் அக்கி என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இருக்குமோ என்று கேட்டேன். அவன் உடனே, “அதான் நானும் நெனச்சேன்” என்றான். அக்கி என்றால் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். போனான். கறுத்த இடத்தின் மேல் செம்மண் காவியைக் குழைத்துப் பூசி, சுற்றிலும் சிங்கம் மாதிரி எதையோ வரைந்து அனுப்பினார்கள். அதன் பிறகு அந்தக் கறுப்பை யாரும் பார்க்கவில்லை. காவியைத் துடைத்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். நல்ல மருத்துவர் நீங்கள், முகத்துக்கு நேராகவே சொல்கிறேன்.

குழந்தையின் விரலையும் எனக்குக் காட்டினார்கள். நகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொப்புளம். ‘எனக்கும் அப்பாவாட்டமே அக்கி’ என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அப்பாவைப் போலவே எதையும் செய்கிற குழந்தை. நானும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். உங்கள் கைக்கு வந்ததால் அவள் பிழைத்துக்கொண்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். பிழைக்காமல் போயிருந்தாலும் ஊர் இன்னும் கொஞ்சம் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கும், அதையும் நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

காபி முழுவதும் அப்படியே இருக்கிறது. சரி, விடுங்கள்.

உண்ணாமலை ஒரு நாள் மருந்தகத்துக்கு ஓடிவந்தாள். ரைஸ்மில்காரர் வீட்டு ஜெர்சி மாட்டுக்கு மடிநோய். நான் அதற்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் தலைவிரிகோலமாக வந்து நின்றாள்.

“சார், கை இம்மாம் பெருசா வீங்கிப் போச்சி சார். தோள் வரிக்கும் ஏறிடுச்சி. உடம்பு அனலாக் கொதிக்குது. இன்னா இன்னாமோ பேத்துறாரு. நீங்க ஒரு ஊசி போடுங்க சார்.”

“மனுஷனுக்கு ஊசி போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. போட்டா என் வேலை போயிடும்.”

“மாட்டுக்குப் போடற ஊசியே போடுங்க சார், பரவால்ல. உங்க மேல அவருக்கு அம்மாம் நம்பிக்க. டாக்டர் பாத்துக்கினாரு, நீ கம்முனு இருடின்றாரு.”

என் கையில் இருந்தது பென்சிலின்தான் டாக்டர். உங்களுக்குத் தெரியாததா? மாட்டுக்கு வேறு, மனிதனுக்கு வேறு என்று அதற்குத் தெரியாது. நான் மாட்டுக்குப் போட்டு முடித்தேன், ஊசியைக் கழுவினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்ப பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டா சார்?”

“எழுதின காவி காயட்டும்மா. ரெண்டு நாள் பாக்கலாம். வத்திடும்” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அவன் தாமதமாக வந்தது என் வார்த்தையை நம்பி. உண்ணாமலை என் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, அதெல்லாம் வேண்டாம்மா என்றேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மனிதனுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது. அந்தக் கோட்டை நான் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் என்றுதான் சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள், நீங்களும் படித்தவர். ஒரு ஊசியில் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடைப்பானா, ப்பூ, ஒரு ஊசி போட்டால் போச்சு என்று அவனே புளியமரத்தடியில் நடித்துக் காட்டியிருப்பான். ஊர் சிரித்திருக்கும். அடுத்த மழைக்கு அடுத்த ஆட்டை அறுத்திருப்பார்கள். குணமாகிற நோய் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காது. நான் பேச்சால் செய்து பார்த்தேன், படத்தால் செய்து பார்த்தேன், மைக்கால் செய்து பார்த்தேன். அவர்களுக்குப் புரிகிற பாஷை ஒன்று பாக்கி இருந்தது.

புரிந்ததா இல்லையா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். வேடியப்பன் உடலைக் கொண்டுவந்த மறுநாளே பனைமேட்டில் ஆடு வைத்திருக்கிற எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சினை ஆட்டைக்கூட யாரும் மறைக்கவில்லை. ஊசி போட்டுப் போட்டு எனக்குக் கை வலித்தது. புளியமரத்தடி மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். இப்போது எங்காவது ஒரு கோழி செத்தால்கூட எனக்குச் சொல்லியனுப்புகிறார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு ஊரிலும் செத்த ஆட்டை அறுப்பதில்லை. மேலதிகாரி கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தீபத்தின்போது சிரித்தவர்தான். எத்தனை உயிரை அந்த ஒரு உயிர் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். வருத்தம் இல்லாமல் இல்லை. உண்ணாமலை என்னைப் பார்த்தால் இப்போதும் கை எடுத்துக் கும்பிடுகிறாள். அந்தக் கஷ்டத்திலும் தன் ஆடுகளை முதல் ஆளாக ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

எழுந்துவிட்டீர்கள். போலீசில் சொல்லப்போகிறீர்களா, சொல்லுங்கள். அக்கியோ என்று கேட்டதற்கும், ரெண்டு நாள் பொறு என்றதற்கும் அவர்கள் என்ன பிரிவில் கேஸ் போடுவார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

ஆனால் ஒரு நிமிஷம் உட்காருங்கள். பொய் சொல்லமாட்டேன் என்று ஆரம்பித்தேன், ஒன்றை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும். கூறு போட்ட பிறகு போனேன் என்று சொன்னேனே, அது அன்றைக்கு இரண்டாவது தடவை.

அன்று விடிந்தவுடனே வேடியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்துவிட்டான். நான்தான் கதவைத் திறந்தேன், வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவன் முகத்தில் கேலி இல்லை. அப்படி ஒரு முகம் அவனுக்கு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“சார், நம்ம கிடா செத்துக் கெடக்குது. நேத்து நல்லாத்தான் மேஞ்சிது. மூக்குல ரத்தம் சார், ஒறையவே இல்ல. நீங்க சொல்றதேதான். நான் தொடல சார். வீட்லகூட இன்னும் சொல்லல. கொல்லையிலயே குழி வெட்டிட்டேன். ஆழம் போதுமான்னு வந்து ஒரு பார்வ பாத்துச் சொல்லிடுங்க சார்.”

எனக்கு முதலில் புரியவில்லை. நீதான் என்னை நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்கவைக்கிறவனாயிற்றே என்றேன்.

“அதுக்குத்தான சார் மனப்பாடம் பண்ணேன். பண்ணப் பண்ண, இந்த ஆளு சொல்றது நியாயமாத்தான கீதுன்னு தோணிடுச்சி” என்று தலையைச் சொறிந்தான். “ஊர்ல நான் சொல்லிக்கிறேன் சார். கூறு இல்லன்னா கோச்சிக்குவானுங்க, நான் பேசிக்கிறேன். நீங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்துறீங்க, எவன் கேக்குறான்? நான் சொன்னா கேப்பானுங்க.”

அவன் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

கொல்லைக்குப் போனோம். உண்ணாமலை களையெடுக்கப் போயிருந்தாள், நாங்கள் இரண்டு பேர்தான். குழியை எட்டிப் பார்த்தேன். நன்றாக வெட்டியிருந்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆட்டையும் பார்த்தேன். குனிந்து, மூக்கிலிருந்த ரத்தத்தையும் பார்த்தேன்.

“இது அந்த நோய் இல்ல வேடியப்பா. புதுப் புல்லை ஜாஸ்தியா தின்னு வயிறு உப்பிச் செத்திருக்குது. உப்பிச்சுன்னா மூக்குல ரத்தம் வரும். தாராளமா வெட்டலாம்” என்றேன். “ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. அப்புறம் எல்லா ஆட்டையும் வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க.”

“சத்தியமா சொல்லமாட்டேன் சார்” என்றான். சொல்லவும் இல்லை. உங்கள் வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் சொல்லவில்லை பாருங்கள். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வாய் ஓயாதவன் என்று ஊரே சொன்ன ஆள், எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

வெட்டலாம் என்று நான் சொன்ன பிறகுதான் அவனுக்கு முகம் தெளிந்தது. “நல்ல வேள சார், உங்கள வந்து கேட்டேன். கறிய மண்ணுல போட இருந்தேன்” என்று சிரித்தான். ஆடு மாடு விழுந்துவிடப் போகிறதே என்று குழியை அவனே மூட ஆரம்பித்தான். நானும் இரண்டு கை மண் தள்ளினேன்.

ஒரு ஊருக்கு அறிவு புகட்டுவது என்பது சாமானிய வேலை இல்லை, டாக்டர். கேலி பேசிக்கொண்டு திரிகிறவன் ஒருத்தன் சொல்லி, அதைக் கேட்டு ஊர் திருந்தியது என்று ஆகிவிடக் கூடாது. அதற்கென்று படித்தவன் நான்தானே.